கண்டிச் சீமையில் ஒரு தனி வளை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதில் ‘வளை’ என்னும் சொல்லைக் காட்டிலும் ‘தனி’ என்னும் சொல்லே பொருள் மிகுந்தது. வளை சிறிதாக இருக்கலாம், கூரை தாழ்ந்திருக்கலாம். ஆயினும், ‘நாளை எழுந்து வெளியே போ’ என்று வேறொருவன் சொல்ல முடியாத இடமாக அது இருத்தல் வேண்டும். எளிய மக்களுக்கு எட்டும் செலவில் வீடு கிடைக்கச் செய்வதற்கு இந்நாட்டு அரசினர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பல வழிகளைக் கையாண்டு வந்துள்ளனர். அவற்றுள் எவை வளையை மட்டும் கொடுத்தன, எவை தனி வளையைக் கொடுத்தன என்பதைக் கண்டிப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய பத்து மைல் தூரத்தில் இருப்பது திகன. பல்லேகலையைக் கடந்து கீழிறங்கும் பயணியின் கண்ணுக்கு அது கடைத்தெருவும் குடியிருப்புகளும் கொண்ட ஒரு சாதாரண சிறு நகராகவே தோன்றும். ஆனால், அந்நகர் இன்றைய உருவை அடைந்த வரலாறு சாதாரணமானதன்று. அதற்கு அப்பால் இருந்த பழைய தெல்தெனிய நகர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் அமிழ்ந்து போயிற்று. கடுங்கோடையில் நீர் வற்றும் ஆண்டுகளில், அந்நகரின் இடிந்த சுவர்களும் பழைய பாதைகளும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. அங்கே வாழ்ந்த பெரியோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இங்கேதான் நம் வீடு இருந்தது என்று சுட்டிக்காட்டுவதுண்டு. வீட்டை இழந்தவனுக்கு அரசு என்ன கொடுக்க வேண்டும்? வீடா, பணமா, நிலமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1660ஆம் ஆண்டில் கண்டி மன்னனிடம் கைதியாக அகப்பட்டு, ஏறக்குறைய 19 ஆண்டுகள் இந்நாட்டிலே வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் அக்காலத்து வீடுகளைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. குடிமக்கள் ஓடு வேய்தலும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும், மேல்மாடி கட்டுதலும் தடுக்கப்பட்டிருந்தன என்று அவர் கூறுகிறார். வீட்டின் தோற்றம் குடியிருப்பவனின் நிலையைக் காட்ட வேண்டும் என்பதே அக்கால நியதி. ஆயினும், தான் ஆற்ற வேண்டிய இராச காரியத்தை ஆற்றிவந்தவனுக்குக் காணியும் அதில் ஒரு குடிசையும் இருந்தன. கூரை வைக்கோலாக இருந்தாலும் காலின் கீழ் நிலம் இருந்தது.

பிரித்தானிய ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணிக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று அனுமானித்தது. சேனைப் பயிருக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் கிராமத்தார் நம்பியிருந்த மலைச்சரிவுகள், ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலையில்கூடத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டதுண்டு. கிராமம் பள்ளத்தாக்கில் ஒடுங்கியது. கோப்பித் தோட்டம் மலைமேல் ஏறியது. கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலை வந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கில் கொக்கோவும் வந்தது.

அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து நம் மக்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கட்டப்பட்டவையே லயங்கள். ஒரே நீண்ட கூரையின் கீழ், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் முன்னால் ஒரு சிறு திண்ணையும். இந்த அறைக்கு வாடகை இல்லை. இலங்கைத் தீவில் மிகவும் மலிவான வீடு எது என்று ஒரு கணக்காளரிடம் கேட்டால், லயத்தைத்தான் காட்டுவார். ஆனால், அந்த அறை வேலையோடு பிணைக்கப்பட்டது. பேர் வெட்டப்பட்டால் அறையும் போயிற்று. மலிவான வளை உண்டு. தனி வளை இல்லை. வீட்டுப் பிரச்சினையை வாடகைக் கணக்கால் மட்டும் அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நிலமே அடிப்படை என்பதைச் சட்டமாக்க முதலில் முயன்றது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அக்காலத்தில் விவசாய, காணி மந்திரியாக இருந்த டி. எஸ். சேனாநாயக்கா அதனை முன்னின்று நடத்தினார். முடிக்காணியைப் பிரித்துக் கிராமத்து ஏழைகளுக்கு அனுமதிப் பத்திரத்தின் பேரில் கொடுப்பது அதன் நோக்கம். அதில் ஒரு புதுமை இருந்தது. காணியைப் பெற்றவன் அதைத் தன் விருப்பம்போல் விற்கவோ, கடனுக்கு ஈடாக இழக்கவோ முடியாது. வட்டிக்காரனும் வெளியூர்ப் பணக்காரனும் அக்காணியை விழுங்காமல் காப்பதற்கே இந்த வேலி போடப்பட்டது.

நல்ல வேலிதான், ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, காணி ஒரு வாரிசுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற விதி. நிலம் துண்டாடப்படுவதை அது தடுத்தது. ஆனால், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவரை வீடு தேடி வெளியே அனுப்பியது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இச்சலுகை சட்டம் வரையறுத்த ‘இலங்கையருக்கு’ மட்டுமே உரியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் அந்த வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உள்ளூர் மக்களுக்கு வீடும் நிலமும் என்று சொல்லும்போதெல்லாம் உள்ளூரார் யார் என்ற கேள்வி உடன் எழுகிறது. மலையகத்தின் வீட்டு வரலாறு முழுவதும் இக்கேள்வியின் நிழல் படிந்தே கிடக்கிறது.

இரண்டாவது உலக யுத்தம் நகரங்களை நெருக்கியது. 1942 ஏப்ரலில் கொழும்பின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கும் பேராதனைக்கும் வந்து சேர்ந்தது. இத்தகைய காலத்தில் வீட்டுக்காரர் கேட்டதே வாடகை என்றாகிவிடும் ஆபத்து உண்டு. முதலாவது உலக யுத்தத்தில், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்து வீதியில் இறங்கினார்கள். அதன் விளைவாக 1915இல் பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அந்த அனுபவத்தை நினைவிற்கொண்ட ஆட்சியாளர், இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். சுதந்திரத்தின் பின் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நியம வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை எழுப்பக் கூடாது. இவை இரண்டுமே அதன் சாரம்.

இச்சட்டத்தால் பயன் விளையவில்லை என்று சொல்வது நன்றியற்ற பேச்சாகும். கண்டி நகரின் எழுதுவினைஞரும் ஆசிரியரும் சிறு கடைக்காரரும் நகரிலேயே நிலைத்திருக்க அது துணைசெய்தது. ஆனால், காலம் செல்லச் செல்ல மருந்தே நோயாக மாறும் அறிகுறிகள் தோன்றின. அரிசி விலையும் ஓட்டின் விலையும் ஏறின, வாடகை ஏறவில்லை. வாடகைப் பணம் வீட்டைப் பழுதுபார்க்கவும் போதாதபோது, வீட்டுக்காரன் கூரை ஒழுகுவதைக் கண்டும் காணாதவன் ஆனான். வாடகைக்கென்று புது வீடு கட்ட எவரும் முன்வரவில்லை. காலியான வீட்டுக்குள் புகுவதற்குக் கணக்கில் எழுதாத பணம் கைமாறியது. பம்பாயிலும் இதே கதைதான் நடந்தது. தமிழ்நாடும் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கைவிட்டு 2017இல் புதுச்சட்டம் இயற்ற நேர்ந்தது. முன்னரே உள்ளே இருப்பவனுக்கு இச்சட்டம் கோட்டை. வெளியே நிற்பவனுக்கு அது மதில்.

ஆகவே, அரசினர் வேறு வழிகளையும் நாடினர். 1949இல் வீடமைப்புக் கடன் சட்டமும், 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டமும் நிறைவேறின. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரசையல்லாதவர் காணியோ வீடோ வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரியை, அதாவது நூற்றுக்கு நூறு வரியை, விதித்தது. வெளிநாட்டுப் பணம் உள்நாட்டு நிலத்தின் விலையை ஏற்றிவிடாமல் தடுப்பது அதன் விளைவுகளுள் ஒன்று.

1970இல் பதவியேற்ற அரசாங்கம் இன்னும் துணிந்த அடியை எடுத்து வைத்தது. வீடமைப்பு மந்திரி பீற்றர் கெனமன் காலத்தில் வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பை மேலும் இறுக்கியது. அடுத்து வந்தது 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு அது எல்லை கட்டியது. தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் வருவதே அந்த எல்லை. அதற்கு மேற்பட்டவை தேசிய வீடமைப்பு ஆணையாளரின் பொறுப்பில் வந்தன. அங்கே குடியிருந்தோர் அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்புப் பெற்றனர். பல்லாண்டுகள் வாடகைக்கு இருந்தவர் உறுதி கையில் ஏந்திய வீட்டுக்காரரானார். வளை தனி வளையான அரிய தருணங்களுள் அது ஒன்று. ஆயினும், இருக்கும் வீட்டை யாருக்கு உரியதாக்குவது என்பதையே அச்சட்டம் தீர்த்தது. இல்லாத வீட்டை அது கட்டித் தரவில்லை. வாடகைக்காகக் கட்டுவோர் முன்னிலும் அஞ்சினர்.

1977இல் ஆட்சி மாறியது. வீடமைப்பை ஏற்ற ஆர். பிரேமதாசா 1978இல் நூறாயிரம் வீட்டுத் திட்டத்தை ஆரம்பித்தார். 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. 1980இல் வாடகைச் சட்டத்தின் பிடியும் திருத்தத்தால் தளர்த்தப்பட்டது. நூறாயிரம் வீட்டுத் திட்டத்தில், கிராமப்புறங்களில் அரசு பொருளும் தொழில்நுட்ப உதவியும் கொடுக்க, மக்கள் தம் உழைப்பைக் கொடுத்து வீடு கட்டினர். நகரங்களில் அரசே மாடி வீடுகளைக் கட்டியது. அனுபவம் ஓர் உண்மையைக் கற்பித்தது. அரசு கட்டிய வீட்டின் செலவில் பல மடங்கு குடும்பங்களுக்குச் சிறு கடன் கொடுக்கலாம். இந்தப் பாடத்தின் மேல் எழுந்ததே 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். ஒருவனுக்குக் கூரை மட்டும் தேவை, மற்றொருவனுக்குக் கிணறு, வேறொருவனுக்கு மலசலகூடம். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்க, அதற்கேற்ற கடன் குறைந்த வட்டியில் வழங்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையால் கொண்டாடப்பட்டது. அந்த யோசனையை உலக அரங்கில் முன்வைத்ததும் இலங்கையே.

அத்திட்டத்திலும் குறை இல்லாமலில்லை. கொடுத்த கடன் முழுவதும் திரும்பி வரவில்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று: வீடு கட்டக் கடன் பெறுவதற்குக் கட்ட ஓரிடம் வேண்டும். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் கடன் விண்ணப்பம் நீட்டப்பட்டால் அவன் எங்கே கையொப்பமிடுவது?

இனித் திகனக்கு வருவோம். முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றுவதாக இருந்த மகாவலித் திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிப்பதென்று 1977இல் தீர்மானிக்கப்பட்டது. பிரித்தானிய அரசின் உதவியுடன் எழுந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்டது. மின்னிலையத்தின் வலு 210 மெகாவாற்று. 1985 ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. நாடெங்கும் விளக்கெரிய, தும்பறைப் பள்ளத்தாக்கின் வயலும் வீடும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

அவர்களுக்கு முன் இரு பாதைகள் இருந்தன. ஒன்று, கீழ்நாட்டு உலர் வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் செல்வது. அங்கே குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் வீட்டுத் தோட்டத்துக்கு அரை ஏக்கரும் கொடுக்கப்பட்டன. மற்றது, பழகிய மலைக்காற்றை விட்டுப் பிரியாமல் சுற்றுப்புறத்து மேட்டு நிலத்தில் ஒரு சிறு துண்டைப் பெற்றுக்கொள்வது. முதற் பாதையில் நிலம் பெரிது, ஊர் அந்நியம். இரண்டாம் பாதையில் ஊர் பழகியது, நிலம் சிறிது. பழைய நகரின் கடைகளும் அலுவலகங்களும் இருந்த இடத்துக்கு ஈடாகப் புதுத் தெல்தெனியவும் திகன–ராஜவெலப் பகுதியும் வளர்ந்தன. இங்கே அரசினர் செய்த ஒரு செயலைப் போற்ற வேண்டும். வீட்டைப் பணத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கையில் கொடுத்த பணம் ஓரிரு ஆண்டில் கரைந்து போகும், காணி கரையாது. நட்டஈடு பெற்றவர் எல்லோரும் நிறைவு கண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும், நிலத்தை நிலத்தால் ஈடு செய்யும் நெறி பின்வந்த வீட்டுத் திட்டங்களுக்கெல்லாம் பாடமாக இருக்கத் தக்கது.

நகர் வளர்ந்தது, அதனோடு விலையும் வளர்ந்தது. அணை கட்ட வந்த வெளிநாட்டுப் பொறியியலாளருக்காக அமைந்த திகனயின் அழகிய விடுதி வீடுகள் பிற்காலத்தில் வசதி படைத்தோரின் இல்லங்களாயின. பல்லேகலையில் கைத்தொழிற் பேட்டை எழுந்தது. ராஜவெலயில் நீர்த்தேக்கத்தை நோக்கிக் கோல்ப் மைதானம் விரிந்தது. நீரால் ஒருவன் வீட்டை இழந்தான். அதே நீரின் காட்சியால் மற்றொருவனின் காணி விலை உயர்ந்தது. இத்தகைய இடங்களில்தான் உள்ளூராரைக் காக்கும் சட்டத்தின் தேவை விளங்குகிறது. 1963இன் நூற்றுக்கு நூறு வரி 2002இல் நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதையே சில விலக்குகளுடன் தடை செய்தது. ஆனால், வேலி எப்போதும் வெளியிலிருந்து வருபவனையே தடுக்கும். கொழும்பிலிருந்து வரும் பணமும் விலையை ஏற்றவே செய்யும். அதற்கு அச்சட்டத்தில் விடையில்லை.

வேலிக்குள்ளேயே இருந்தும் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. வாக்குரிமை வந்தது, வீட்டுரிமை வரவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டம் அரசுடைமையாயிற்று. 1992இல் அதன் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. முதலாளி மாறிய போதெல்லாம் லயம் மாறவில்லை.

அண்மைக் காலத்தில்தான் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை உருவெடுத்தது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. அச்சட்டத்தின் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. லயம் கிராமமாக வேண்டும். கிராமம் என்றால் தபால் வந்து சேரும் முகவரி, பிள்ளைக்கு விட்டுச் செல்லும் உறுதி, முற்றத்தில் தான் நட்ட பலாமரம். இவை இல்லாத புது வீடு, ஓடு மாற்றிய லயமேயன்றி வேறில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் திகனயின் வரலாறு நிறைவுறாது. 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின, உயிர்களும் போயின. மார்ச் 6ஆம் தேதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எரிந்த வீடுகளுள் கையில் உறுதியுள்ள வீடுகளும் இருந்தன. சட்டம் வழங்கும் உரிமைப் பத்திரத்துக்கு அயலவர் வழங்கும் அமைதியும் துணை நிற்க வேண்டும் என்பதை அந்நாட்கள் கசப்புடன் கற்பித்தன.

நேயர்களே, இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் இருப்பவரைக் காத்தது. புதியவருக்கு வழி செய்யவில்லை. உச்சவரம்புச் சட்டம் சிலரை வீட்டுக்காரராக்கியது, வீட்டைப் பெருக்கவில்லை. கடன் திட்டம் வீட்டைப் பெருக்கியது, நிலமற்றவனை எட்டவில்லை. நிலத்தைக் கொடுத்த திட்டமே நீண்டு நின்றது. அதுவும் ‘உள்ளூரார்’ என்ற பட்டியலில் பெயர் உள்ளவருக்கே கிடைத்தது. ஆகையால், ஓர் அரசின் வீட்டுத் திட்டத்தை மதிப்பிட விரும்புவோர் கட்டிய வீடுகளின் தொகையை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. அந்த வீட்டில் வாழ்பவன் வேலையை இழந்தாலும் அங்கே இருக்கலாமா? அவன் பிள்ளை அங்கே இருக்கலாமா? அயலான் வேறு மொழி பேசினாலும், வேறு தெய்வத்தை வணங்கினாலும் அச்சமின்றி இருக்கலாமா? இம்மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும்.

கோடை வந்து நீர் வற்றும்போது பழைய தெல்தெனிய மீண்டும் தலைகாட்டும். பாசி படிந்த ஒரு வாசற்படியில் நின்று, இது எங்கள் வீடு என்று ஒரு முதியவர் சொல்வார். கூரையும் சுவரும் இல்லாத போதும் அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது. தலைமுறை தலைமுறையாகக் கூரையின் கீழ் வாழ்ந்தும் அவ்வாறு சொல்ல இயலாத மக்கள் அதே மலைநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் அப்படிச் சொல்லும் நாளே இந்நாட்டு வீடமைப்பு வரலாறு நிறைவெய்தும் நாளாகும்.